‘அது உங்களுக்கு எப்படித் தெரியும்?’: புதுவகை அணு உலைக்கு உரிமம் வாங்கும் வேலை

வீடு கட்டுகிறவருக்கு பிளான் அப்ரூவல் வாங்கித் தர ஓர் ஆள் இருப்பார். எந்த அலுவலகத்தில் எந்த மேஜை, எந்தக் காகிதத்துக்கு எத்தனை நகல் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அமெரிக்காவில் புதுவகை அணு உலை செய்யப் புறப்பட்ட நிறுவனங்கள் ‘உரிமப் பிரிவுத் தலைவர்’ வேலைக்கு ஆள் தேடுகின்றன என்று கேள்விப்பட்டால் நமக்கு முதலில் அவர் முகம்தான் ஞாபகம் வரும்.

ஆனால் அவர் வேலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. பிளான் அப்ரூவலில் விதி முன்பே எழுதியிருக்கிறது. முன்பக்கம் இத்தனை அடி விடு, பக்கவாட்டில் இத்தனை அடி விடு, முடிந்தது. புதுவகை உலைக்கு விதியே பாதிதான் இருக்கிறது. எதை விதியாக வைத்துக்கொள்ளலாம் என்று விண்ணப்பிப்பவரே சொல்லி, அதை அரசு ஆணையம் ஒப்புக்கொள்ளும்படி வாதாடி, அதற்குப் பிறகுதான் தன் உலை அந்த விதிக்குள் அடங்குகிறது என்று காட்ட வேண்டும். இந்த மூன்றையும் ஒரே ஆள் தலைமையில் ஒரு சிறு குழு செய்கிறது.

காரணம் எளிது. அமெரிக்காவில் இன்று ஓடும் 94 மின் உலைகளும் சாதாரணத் தண்ணீரால் குளிர்விக்கப்படுபவை. அவற்றை உரசிப்பார்க்கும் பொது வடிவமைப்பு அளவுகோல்களை 1971-ல் எழுதினார்கள். எழுதியவர்கள் மனதில் இருந்தது தண்ணீர் உலைதான். உயர் அழுத்தத்தில் சுடுநீர் ஓடும் குழாய் திடீரென உடைந்தால் என்ன ஆகும், உடனே மாற்றுத் தண்ணீர் எங்கிருந்து வரும், ஆவி வெளியே போகாமல் தடுக்கும் கான்கிரீட் கூடு எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்ற கவலைகளே அந்த அளவுகோல்களின் உயிர்நாடி.

இப்போது ஒருவர் வந்து, “என் உலையில் தண்ணீரே கிடையாது, உருகிய உப்பு ஓடும். அழுத்தமும் ஏறக்குறைய நாம் சுவாசிக்கும் காற்றின் அளவுதான்” என்கிறார். இன்னொருவர் திரவ சோடியம் என்கிறார், மூன்றாமவர் ஹீலியம் வாயு என்கிறார். தண்ணீர் உலைக்கான கேள்வித்தாளில் பாதி இவர்களுக்குப் பொருந்தாது. இவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளோ அந்தத் தாளில் இல்லை. சோடியம் காற்றில் பட்டால் எரியும், தண்ணீரில் பட்டால் வெடிக்கும். உப்பு உலையில் ஓடும் ஃபுளோரைடு உப்பு 459 டிகிரிக்குக் கீழே போனால் குழாயிலேயே கட்டியாகிவிடும். தண்ணீர் உலைக்காரர் இதையெல்லாம் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். தண்ணீர் அல்லாத உலைகளுக்கான மாற்று அளவுகோல்களை அமெரிக்க ஆணையம் 2018-ல் வெளியிட்டது. அதுவும் வழிகாட்டிதான். கடைசியில் தன் அளவுகோலைத் தானே எழுதி நியாயப்படுத்துவது விண்ணப்பதாரர் பொறுப்பு.

(அந்த ஆணையத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயர் என்.ஆர்.சி. நம் ஊரில் அந்த மூன்றெழுத்துக்கு வேறு ஞாபகங்கள் உண்டு என்பதால் இங்கே ‘ஆணையம்’ என்றே எழுதுகிறேன்.)

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். புதுவகை உலைகள் சிலவற்றில் எரிபொருள் கசகசா அளவுக்குச் சிறிய மணிகளாக இருக்கிறது. ஒவ்வொரு மணியின் நடுவிலும் யுரேனியம், சுற்றிலும் கார்பனும் சிலிக்கன் கார்பைடும் அடுக்கடுக்காகப் பூசியிருக்கும். டிரைசோ என்று பெயர். 1600 டிகிரி வெப்பத்திலும் இந்தப் பூச்சு கதிரியக்கப் பொருள்களை உள்ளேயே பிடித்துவைக்கும் என்பது பல ஆண்டுச் சோதனையில் தெரிந்த விஷயம். எனவே நிறுவனம் சொல்கிறது: “ஒவ்வொரு மணியும் தனக்குத் தானே ஒரு பாதுகாப்புக் கூடு. உலைக்கு மேலே அந்தப் பெரிய கான்கிரீட் கவிகை எதற்கு?”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. 2018-ல் ஆணையமும் இந்த வாதத்தைக் கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டது. ஆனால் கவிகையை விட்டுவிட்ட அந்த நொடியில் பாதுகாப்பின் பாரம் கட்டடத்திலிருந்து தொழிற்சாலைக்கு இடம் மாறுகிறது. கான்கிரீட் கவிகையை ஆய்வாளர் நேரில் போய்ப் பார்க்கலாம், அழுத்தம் ஏற்றிச் சோதிக்கலாம். கோடிக்கணக்கான கசகசா மணிகளை ஒவ்வொன்றாக யார் பார்ப்பது? எத்தனை மணிக்கு ஒன்று பூச்சு பிசகியதாக இருக்கும், அந்தக் கணக்கு எந்த ஆலையின் எந்தத் தயாரிப்பிலிருந்து வந்தது, நாளைக்கு வேறு ஆலை செய்தால் அதே கணக்கு செல்லுமா? உரிமப் பிரிவுத் தலைவர் மேஜையில் தினமும் வந்து விழுவது இப்படிப்பட்ட கேள்விகள்தான். எல்லாவற்றையும் சாறு பிழிந்தால் ஒரே கேள்வி மிஞ்சும்: அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

அவர் நாள் முழுக்க என்ன செய்கிறார்? முறையான விண்ணப்பம் போவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆணையத்தின் ஊழியர்களோடு உட்கார்ந்து பேசத் தொடங்குவார். எரிபொருள், விபத்துக் கணக்கு, தர உறுதி என்று ஒவ்வொரு தலைப்புக்கும் தனி அறிக்கை கொடுத்து ஒவ்வொன்றாக ஒப்புதல் வாங்கி வைப்பார். மொத்தமாகத் தோற்பதைவிடச் சில்லறையாக ஜெயிப்பது மேல் என்பது இந்தத் துறையில் அனுபவப் பாடம். பிறகு விண்ணப்பம் போகும், கேள்விகள் வரும். பதிலில் ஒரு வாக்கியம் எழுதிவிட்டால் அது வாக்குறுதி. ‘வால்வு மூன்று நொடியில் மூடும்’ என்று எழுதினால், அந்த வால்வு வாழ்நாள் முழுக்க மூன்று நொடியில் மூடியாக வேண்டும்.

இதனால் அவருக்கு வெளியே இருப்பதைவிட உள்ளேதான் சண்டை அதிகம். வடிவமைப்புப் பொறியாளருக்கு உலையை நாளுக்கு நாள் மேம்படுத்த ஆசை. பம்பை இடம் மாற்றினால் செலவு குறையும் என்று உற்சாகமாக வருவார். அந்தப் பம்பு இருக்கும் இடத்தை வைத்து விபத்துக் கணக்குகள் முடிந்து ஆணையத்திடம் போயிருக்கும். மாற்றினால் எல்லாவற்றையும் திரும்பத் தொட வேண்டும். “இனி கை வைக்காதே” என்று சொல்லும் பொல்லாப்பை யாராவது ஏற்க வேண்டுமே. நிதிப் பிரிவுக்கும் அவரைப் பிடிக்காது. ஆணைய ஊழியர்கள் விண்ணப்பத்தைப் படிக்கும் நேரத்துக்கு விண்ணப்பதாரரே கட்டணம் கட்ட வேண்டும். வழக்கமான விகிதம் மணிக்கு 300 டாலருக்கு மேல். 2024-ல் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு புதுவகை உலைக்காரர்களுக்கு அது பாதிக்கும் கீழே குறைந்திருக்கிறது. குறைந்தாலும், குழப்பமாக எழுதிய ஒரு பதிலை நான்கு பேர் இரண்டு வாரம் படித்தால் பில் எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வேலை நன்றாக நடந்தால் எப்படி, நடக்காவிட்டால் எப்படி என்பதற்கு அண்மைக் காலத்திலேயே சான்றுகள் இருக்கின்றன.

ஓக்லோ என்ற நிறுவனம் 2020 மார்ச்சில் அரோரா என்ற குட்டி உலைக்கு விண்ணப்பித்தது. ஒன்றரை மெகாவாட் மின்சாரம்தான். உலை இவ்வளவு சிறியது, எனவே காகிதமும் சிறியதாக இருக்கலாம் என்பது அவர்கள் நினைப்பு. ஆணையம் திரும்பத் திரும்பக் கேட்டது இரண்டு விஷயம். நம்பத்தகுந்த அதிகபட்ச விபத்து எது, அதைத்தான் அதிகபட்சம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? உலையின் எந்தெந்தப் பாகங்கள் பாதுகாப்புக்கு முக்கியமானவை, எப்படிப் பிரித்தீர்கள்? போதிய பதில் வரவில்லை என்று 2022 ஜனவரியில் விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். உலை ஆபத்தானது என்று ஆணையம் சொல்லவில்லை. ஆபத்தில்லை என்று நீங்கள் காட்டவில்லை என்றது. திரும்ப விண்ணப்பிக்கத் தடையும் இல்லை.

கைரோஸ் என்ற நிறுவனம் வேறு வழியில் போனது. உப்புக் குளிர்விப்பும் டிரைசோ எரிபொருளும் சேர்ந்த உலை அவர்களுடையது. நேராக மின் நிலையம் கட்ட அனுமதி கேட்கவில்லை. மின்சாரமே தராத, 35 மெகாவாட் வெப்பம் மட்டும் தரும் ஹெர்மிஸ் என்ற சோதனை உலைக்கு முதலில் கேட்டார்கள். தலைப்பு வாரியான அறிக்கைகளை முன்கூட்டியே கொடுத்து வந்திருந்தார்கள். 2021 இறுதியில் போன விண்ணப்பத்துக்கு 2023 டிசம்பரில் கட்டுமான அனுமதி வந்துவிட்டது. டென்னஸியில் ஓக் ரிட்ஜில் இடம். தண்ணீரால் குளிர்விக்காத ஓர் உலையைக் கட்ட அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த முதல் அனுமதி அது. ஆணையம் மந்தம், அதனால்தான் எதுவும் நடப்பதில்லை என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டு விண்ணப்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆணையம் ஒன்றுதான், ஆண்டுகளும் ஏறத்தாழ அவைதான்.

மூன்றாவது நியூஸ்கேல். இது தண்ணீர் உலைதான், ஆனால் சிறியது. பம்பு இல்லாமல் சூடான நீர் தானே மேலேறி, குளிர்ந்து தானே கீழிறங்கும். சுமார் 12,000 பக்க விண்ணப்பம், 50 கோடி டாலருக்கு மேல் செலவு என்று நிறுவனமே சொன்னது. ஆணைய ஊழியர்கள் பல ஆண்டுகள் பார்த்தார்கள். பார்த்து முடிக்கும் தறுவாயில், ஆணைய ஊழியர்களைச் சாராத, உலைப் பாதுகாப்புக்கான ஆலோசனைக் குழு ஒரு விஷயத்தில் விரல் வைத்தது.

உலை நீரில் போரான் கரைந்திருக்கும். சங்கிலி வினையை அடக்க அது உதவுகிறது. ஒரு விபத்தில் நீர் கொதிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் உப்பு சட்டியில் தங்கும், ஆவி மட்டும் போகும். மூடியில் படியும் நீரில் உப்பு இருக்காது. அதேபோல் போரான் உள்ளே தங்க, ஆவி குளிர்ந்து போரான் இல்லாத நீராக உலை மையத்தைச் சுற்றியுள்ள இறங்குபாதையில் சேர்கிறது. அந்த நீர் மொத்தமாக ஒரு நேரத்தில் மையத்துக்குள் புகுந்தால்? அணைந்த வினை மீண்டும் பற்றலாம். நிறுவனம் வடிவத்தைத் திருத்தியது. மையத்துக்கு மேலே நிற்கும் ஏறுகுழாயின் சுவரில் சிறு துளைகள் போட்டார்கள், இரண்டு பக்க நீரும் கலக்கட்டும் என்று. இத்தனை ஆயிரம் பக்கத்துக்கும் இத்தனை கோடி டாலருக்கும் தப்பிய ஒன்று, கடைசிக் கட்டத்தில் வெளியாட்கள் சிலர் கேட்ட கேள்வியில் பிடிபட்டது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த கதை இதுதான்.

2023 ஜனவரியில் நியூஸ்கேல் வடிவத்துக்குச் சான்று கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில், நியூஸ்கேல் உலைகளை வைத்து ஐடஹோவில் கட்டவிருந்த முதல் மின் நிலையம் கைவிடப்பட்டது. மதிப்பிட்ட செலவு 530 கோடி டாலரிலிருந்து 930 கோடிக்கு ஏறியிருந்தது. உரிமம் கிடைத்தால் உலை வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி கேட்பவரின் பேச்சைக் கேட்காமல் போனதும் உண்டு. 1956-ல் டெட்ராய்ட் நகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி ஃபெர்மி-1 என்ற உலையைக் கட்ட விண்ணப்பம் வந்தது. சோடியத்தால் குளிரும் அதிவேக ஈனுலை. அந்தக் காலத்தின் ‘புதுவகை’. அதே ஆலோசனைக் குழு, இந்த இடத்தில் மக்களுக்கு ஆபத்தில்லாமல் இயக்க முடியும் என்று சொல்லப் போதிய தகவல் இல்லை என்று எழுதியது. அப்போது அணுசக்தியை வளர்ப்பதும் அதைக் கண்காணிப்பதும் ஒரே அமைப்பின் கையில் இருந்தன. அந்த அமைப்பு குழுவின் கடிதத்தை வெளியே காட்டாமல் வைத்துக்கொண்டு அனுமதியைக் கொடுத்தது. விஷயம் கசிந்தது. தொழிற்சங்கங்கள் வழக்குப் போட்டன. 1961-ல் உச்ச நீதிமன்றம் அனுமதி செல்லும் என்றது.

1966 அக்டோபர் 5. ஃபெர்மி-1 உலையின் திறனை மெல்ல ஏற்றிக்கொண்டிருந்தபோது கதிரியக்க எச்சரிக்கை அடித்தது. உலையை நிறுத்தினார்கள். எரிபொருளின் ஒரு பகுதி உருகியிருந்தது. வெளியே பாதிப்பில்லை. காரணம் நெடுநாள் தேடலுக்குப் பிறகுதான் தெரிந்தது. கலத்தின் அடியில் இருந்த ஒரு சிர்கோனியத் தகடு கழன்று, சோடியம் மேலேறும் வழியை அடைத்திருந்தது. அந்தத் தகட்டை அங்கே வைத்தது எதற்கு? எரிபொருள் உருகி அடியில் விழுந்தால் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று, வடிவமைப்பின் பிற்பகுதியில் சேர்த்தது. உருகலுக்குக் காப்பாக வைத்ததே உருகலுக்குக் காரணமாகிவிட்டது. ‘இனி கை வைக்காதே’ என்கிற உரிமக்காரரின் எரிச்சலுக்கு அர்த்தம் இருக்கிறது.

அந்தக் கடித விவகாரத்துக்குப் பிறகு, 1957-லேயே அமெரிக்க நாடாளுமன்றம் ஆலோசனைக் குழுவுக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்து, அதன் அறிக்கைகள் பொதுவில் வர வேண்டும் என்றது. 1975-ல் வளர்க்கும் வேலையிலிருந்து கண்காணிக்கும் வேலை பிரிக்கப்பட்டு இன்றைய ஆணையம் பிறந்தது. இன்று ஆணையம் கேட்கும் கேள்வியும் நிறுவனம் தரும் பதிலும் இணையத்தில் கிடைக்கின்றன. வணிக ரகசியங்களை மட்டும் வெட்டிவிட்டிருப்பார்கள்.

இப்போது அங்கே காற்று வேகத்தின் பக்கம் அடிக்கிறது. புது உலை விண்ணப்பங்களை 18 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2025 மே மாதம் அதிபர் ஆணை வந்தது. அடுத்த மாதமே ஆணைய உறுப்பினர் ஒருவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். காலக்கெடு தப்பில்லை. கைரோஸுக்குச் சுமார் இரண்டு ஆண்டுகளே ஆனதைப் பார்த்த பிறகு, நல்ல விண்ணப்பத்தை அந்தக் காலத்துக்குள் முடிக்க முயலலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ‘இல்லை’ என்று சொன்னால் வேலை போகும் என்ற பயம் ஊழியருக்கு வந்துவிட்டால், பதினெட்டு மாதத்தில் வருவது ஆய்வு முடிவாக இருக்காது.

நமக்கு இதில் என்ன என்றால், கல்பாக்கம் இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே 70 கிலோமீட்டரில் உள்ள 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலை, ஃபெர்மி-1-இன் அதே சோடியக் குடும்பம்தான். ஆயிரம் டன்னுக்கு மேல் சோடியம். 2004-ல் கட்டத் தொடங்கினார்கள். அந்த ஆண்டுச் சுனாமியில் அடித்தளக் குழியே நீரில் மூழ்கியது. இங்கே அனுமதி தருவது மும்பையில் உள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். இடத்துக்கு ஓர் அனுமதி, கட்ட ஓர் அனுமதி, எரிபொருள் நிரப்பி முதல் வினையைத் தொடங்க ஓர் அனுமதி, திறனைப் படிப்படியாக ஏற்றத் தனித்தனி அனுமதி என்று போகும். எரிபொருள் நிரப்பும் அனுமதி வந்தது 2024 ஜூலையில்.

வாரியம் 1983-ல் அரசாணையால் உருவானது. தனிச் சட்டம் இல்லை, அணுசக்தித் துறையிலிருந்து போதிய விலகல் இல்லை என்று தலைமைத் தணிக்கையாளர் 2012-லேயே குறை சொன்னார். இந்தக் குறையைச் சரிசெய்ய அதற்கு முன்பே, 2011-ல், கொண்டுவந்த மசோதா நிறைவேறாமல் காலாவதியானது. 2025 டிசம்பரில் அணுமின் துறையைத் தனியாருக்குத் திறந்த புதுச் சட்டம்தான் வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது. சிறு உலைகளுக்கென்று 20,000 கோடி ரூபாயும் அந்த ஆண்டு பட்ஜெட்டில் ஒதுக்கியாயிற்று. ஆக, உரிமப் பிரிவுத் தலைவர் என்ற உத்தியோகம் இங்கேயும் வரப்போகிறது. ஆனால் அவர் எழுதும் பதிலை நாம் படிக்க முடியுமா என்பது வேறு கேள்வி. கூடங்குளம் உலைகளின் பாதுகாப்பு ஆய்வறிக்கையை வெளியிடச் சொல்லி 2012-ல் மத்திய தகவல் ஆணையம் உத்தரவு போட வேண்டியிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்த முறை செய்தித்தாளில் ‘புதிய அணு உலைக்கு அனுமதி’ என்று தலைப்பைப் பார்த்தால் உள்ளே போய் ஒரு வரியைத் தேடுங்கள். எந்த அனுமதி? வடிவத்துக்கா, இடத்துக்கா, கட்டவா, எரிபொருள் நிரப்பவா, இயக்கவா? கல்பாக்கத்தில் முதல் கான்கிரீட்டுக்கும் எரிபொருள் அனுமதிக்கும் இடையே இருபது ஆண்டுகள் ஓடியிருக்கின்றன.